நம் ஊர்ச் சுவர்களைப் படம் எடுப்பது எப்படி? தஞ்சாவூரிலிருந்து ஒரு வழிகாட்டி

எங்கள் தெரு பெரிய சாலையில் சேரும் இடத்தில் ஓர் அரிசி ஆலை இருக்கிறது. அதன் பக்கச் சுவரில் பல வருடங்களாக ஒரு பூச்சிமருந்து விளம்பரம் இருந்தது. முண்டாசு கட்டிய விவசாயி, கையில் நெற்கதிர், பின்னால் பச்சை வயல். வயலைப் பட்டையாக இழுத்துவிட்டு, அந்த மனிதரின் மீசையை மட்டும் வரைந்தவர் மெனக்கெட்டு முடி முடியாகப் போட்டிருந்தார். பள்ளிக்கூடம் போன காலத்திலும், பிறகு வேலைக்குப் போன காலத்திலும் தினமும் அந்த மீசையைப் பார்த்துக்கொண்டேதான் போனேன். ஒரு பொங்கலுக்கு முந்தின வாரம் ஆலைக்காரர் சுவர் முழுக்க வெளிர்மஞ்சள் அடித்துவிட்டார். அவர் சுவர், அவர் அடித்தார். ஆனால் என்னிடம் அதன் படம் ஒன்றுகூட இல்லை. கையில் போன் இருந்தும் ஒருநாளும் நின்று எடுக்கவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அதற்குப் பிறகுதான் சுவர்களைப் படம் எடுக்கத் தொடங்கினேன். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததால் நிறையத் தப்பு செய்தேன். புதிதாக இதில் இறங்குகிறவர்களுக்கு அந்தத் தப்புகள் நேராமல் இருக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். தஞ்சாவூரை வைத்துச் சொல்கிறேன். கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர், மயிலாடுதுறை என்று எந்த ஊர்க்காரரும் தம் தெருவுக்குப் பொருத்திக்கொள்ளலாம்.

எதைத் தேடுவது

தெரு ஓவியம் என்றதும் பலருக்கும் சென்னைக் கண்ணகி நகர் அடுக்குமாடிகளில் வரைந்திருக்கும் பிரமாண்டமான முகங்கள்தான் நினைவுக்கு வரும். அதே மாதிரி ஒன்றைத் தேடித் தஞ்சாவூரில் கிளம்பினால் அரைமணி நேரத்தில் வீடு திரும்பிவிடுவீர்கள். நம் பக்கத்துச் சுவரோவியத்துக்கு உயரம் குறைவு, ஆயுசும் குறைவு. ஆனால் திரும்பிய பக்கமெல்லாம் இருக்கிறது.

சிமெண்ட், உரம், வேட்டி விளம்பரங்கள். கட்சிகளின் சுவரெழுத்து. அரசுப் பள்ளிச் சுவரில் ஆத்திசூடி, அங்கன்வாடி வாசலில் யானை. அரசு அலுவலகச் சுற்றுச்சுவரில் தலையாட்டி பொம்மையும் வீணையும். டிராக்டர் டிப்பரின் பின்பக்கம் சிறகு விரித்த கழுகு. கோயில் மதிலின் காவி, வெள்ளைப் பட்டைகள். ஊர் எல்லை அய்யனாரின் குதிரைக்கு அடித்த வர்ணம். யாரும் அசுத்தம் செய்துவிடக் கூடாதே என்று மூலைச் சுவரில் வரிசையாக வரைந்து வைத்த பிள்ளையார், சிலுவை, பிறை. வாசல் கோலத்தையும் நான் இதில்தான் சேர்க்கிறேன். தெருவிலேயே வரைந்து, தெருவில் போகிற எல்லோருக்கும் காட்டுவது கோலம்.

எல்லாவற்றையும் ஒரேயடியாக எடுக்க ஆசை வரும். வேண்டாம். முதல் மூன்று மாதத்துக்கு ஒரு வகையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் கையால் எழுதிய கடைப் பலகைகளையும் சுவர் விளம்பரங்களையும் சொல்வேன். பிளெக்ஸ் வந்த பிறகு பிரஷ் பிடித்த பலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் எழுதியவற்றில் மிச்சமிருப்பது வெயிலிலும் ஓதத்திலும் ஒவ்வொரு வருடமும் குறைந்துகொண்டே வருகிறது. பள்ளிச் சுவர் அடுத்த வருடமும் இருக்கும். இது இருக்குமா என்பது உறுதியில்லை.

முதல் நடைக்குக் கேமரா வேண்டாம்

ஒரு சின்ன நோட்டும் பேனாவும் போதும். தஞ்சாவூரில் நான் எப்போதும் பழைய பேருந்து நிலையத்திலிருந்து தொடங்குவேன். கோட்டைக்குள் கீழ ராஜவீதி, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி என்று நான்கையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பழைய கோட்டை மதிலை ஒட்டிய, அலங்கம் என்று பெயர் கொண்ட தெருக்களுக்குள் நுழைந்து, அங்கிருந்து சந்துகளில் அலைவேன். பெரிய வீதிகளில் பலகைகள் அநேகமாகப் பிளெக்ஸாகவும் எல்.இ.டி.யாகவும் மாறிவிட்டன. பழையது சந்துகளில்தான் கிடைக்கும். பூட்டிய அச்சகம், பழைய சைக்கிள் கடை, உளுத்துப் போன கதவுக்கு மேலே பாதி எழுத்து. கரந்தைப் பக்கம் ஒரு நாளும், கீழவாசல் பக்கம் ஒரு நாளும் தனியாக ஒதுக்குங்கள்.

ஒவ்வொரு சுவருக்கும் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அது எந்தத் திசை பார்த்தது? முன்னால் என்ன மறைக்கிறது? அந்த மறைப்பு எப்போது விலகும்? மின்கம்பம் விலகாது. நிறுத்தி வைத்த பைக்குகள் ஞாயிற்றுக்கிழமை காலையில் இருக்காது. அலுவலகத் தெருக்களுக்கு ஞாயிறு நல்ல நாள், மீன் மார்க்கெட் பக்கம் அதே ஞாயிறு போனால் கூட்டத்தில் சுவரே தெரியாது. ஷட்டரில் எழுதிய எழுத்து கடை திறப்பதற்கு முன்னால் மட்டும்தான் கண்ணில் படும். இப்படி நான்கைந்து தெருவைக் குறித்து வைத்தாலே ஒரு மாதத்துக்கு வேலை வந்துவிடும்.

திசையும் பருவமும்

புதியவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். கேமரா வாங்குவதைப் பற்றி மாதக்கணக்கில் யோசிப்பார்கள், சுவர் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசிக்க மாட்டார்கள்.

அடிப்படை எளிது. கீழ வீதியும் மேல வீதியும் வடக்கு தெற்காக ஓடுகின்றன. அங்கே மேற்கு வரிசை வீடுகள் கிழக்கு பார்த்தவை, காலை வெயில் அவற்றின் மேல் நேராக விழும். எதிர் வரிசைக்கு மாலைதான். இது வருடம் முழுக்க மாறாது.

தெற்கு வீதியிலும் வடக்கு வீதியிலும்தான் கணக்கு மாறும். தஞ்சாவூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே கிட்டத்தட்ட 10.8 பாகையில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் மூன்றாம் வாரவாக்கில் சூரியன் நண்பகலில் நேர் உச்சிக்கு வருகிறது. அதன் பிறகு வடக்கே சாய்ந்து, ஆகஸ்ட் கடைசி வாரவாக்கில் மறுபடி உச்சியைக் கடந்து தெற்கே போகிறது. சித்திரை பிறந்து ஆவணித் தொடக்கம் வரைக்கும் நண்பகல் வெயில் வடக்கு பார்த்த சுவரில்தான் படும், தெற்கு பார்த்த சுவர் நிழலில் இருக்கும். மார்கழி, தை மாதங்களில் தலைகீழ். தெற்கு பார்த்த சுவருக்கு நாள் முழுக்க வெளிச்சம் கிடைக்கும், வடக்கு பார்த்தது குளிர்ந்து கிடக்கும். ஒரு சுவர் எப்போது போனாலும் இருட்டாகவே இருக்கிறது என்று நான் இரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். வைகாசியில் எதேச்சையாக அந்தப் பக்கம் போனபோது அதன் மேல் வெயில் வழிந்துகொண்டிருந்தது.

வெயில் நேராக விழுந்தால்தான் நல்ல படம் என்றும் நினைக்க வேண்டாம். ஓவியத்தின் நிறம் அப்படியே வர வேண்டுமென்றால் மேகம் மூடிய நாள்தான் உத்தமம். ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட இடைவெளியில் போங்கள். நனைந்த சுவரில் மங்கிய நிறமும் கொஞ்சம் எழுந்து நிற்கும். காரை பெயர்ந்ததையும் வர்ணம் உரிந்ததையும் காட்ட வேண்டுமென்றால் சுவரை உரசிக்கொண்டு போகிற சாய்ந்த வெயில் வேண்டும். ஒவ்வொரு பொருக்குக்கும் ஒரு நிழல் விழுந்து, சுவரின் வயது தெரியும். மே மாத நண்பகலில் மட்டும் வீட்டிலேயே இருங்கள். கூரை விளிம்பின் நிழல் ஓவியத்தின் நெற்றியில் கறுப்புப் பட்டையாக விழும், அதை எந்த மென்பொருளாலும் சரியாக நீக்க முடியாது.

கருவி

கையில் இருக்கும் போன் போதும். அகலக் காட்சிக்காக வரும் 0.5 லென்ஸைத் தொடாதீர்கள், அது ஓரங்களை இழுத்து எழுத்துகளைக் கோணலாக்கிவிடும். 1 அல்லது 2 மடங்கில் வைத்து, கால்களால் பின்னால் போங்கள். தனிக் கேமரா இருந்தால் 35 அல்லது 50 மி.மீ. லென்ஸ், எஃப்/8 துவாரம், ஷட்டர் 1/125க்குக் குறையாமல். போனில் கட்டக் கோடுகளைப் போட்டுவைத்து, இருப்பிடத்தைப் பதியும் வசதியையும் திறந்துவிடுங்கள். படத்தைச் சுருக்காமல் அப்படியே சேமிக்கும் ரா வடிவில் எடுக்க முடிந்தால் எடுங்கள்.

டெல்டாவில் லென்ஸுக்குப் பெரிய எதிரி ஈரக்காற்று. மழைக்காலத்தில் பீரோவுக்குள் துணிகளோடு வைத்த லென்ஸில் பூஞ்சை படர்ந்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள்.

எடுக்கும் முறை

ஒரு சுவருக்குக் குறைந்தது மூன்று படம். முதலில் தெருவோடு சேர்த்து ஒன்று. பக்கத்து வீடு, சைக்கிள், தலைக்கு மேலே கம்பிகள், தூரத்தில் கோபுரம் என்று எல்லாம் வரட்டும். இரண்டாவது சுவருக்கு நேர் எதிரே நின்று ஓவியம் முழுதும். மூன்றாவது நெருக்கத்தில், பிரஷ் ஓடிய தடம் தெரிகிற அளவுக்கு. தொடக்கத்தில் நான் இரண்டாவதை மட்டும்தான் எடுத்தேன். இப்போது அந்தப் படங்களைப் பார்த்தால் பாதி எந்தத் தெரு என்றே எனக்குத் தெரியவில்லை. தெருவை விட்டுப் பிரித்து எடுத்துவிட்டால் அந்த ஓவியம் எங்கே இருந்தால் என்ன என்றாகிவிடுகிறது.

நேர் எதிரே நிற்பது பார்க்கச் சுலபம், செய்வது அப்படியல்ல. போனும் சுவரும் இணையாக இருக்க வேண்டும். போனை மேலே சாய்த்தால் ஓவியத்தின் தலை குறுகும், பக்கவாட்டில் சாய்த்தால் ஒரு கை நீளும். ஓவியத்தின் நடுப்பகுதி எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்துக்குப் போனைக் கொண்டுபோகப் பாருங்கள். எதிர்வீட்டுத் திண்ணை இதற்கென்றே கட்டியது போல இருக்கும், ஆனால் வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டு ஏறுங்கள். கட்டக் கோட்டைச் சுவரின் விளிம்போடு பொருத்தினால் சில சமயம் ஏமாறுவீர்கள், ஏனென்றால் பழைய வீட்டுச் சுவர்கள் நேராக இருப்பதில்லை. எழுத்தின் அடிக்கோட்டைப் பாருங்கள். எழுதியவர் முதலில் நூல் அடித்துத்தான் தொடங்கியிருப்பார். நீலத்தூள் தடவிய நூலை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்துச் சுண்டிவிட்ட கோடு அது. சுவர் கோணலாக இருந்தாலும் அந்தக் கோடு நேராக இருக்கும். எழுத்துக்குக் கீழே உற்றுப் பார்த்தால் சில இடங்களில் அந்த நீலக்கோடு இன்னும் மெலிதாகத் தெரியும். அதைத்தான் மூன்றாவது படத்தில் எடுக்க வேண்டும்.

சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவரைப் போன் தானாக எடுத்தால் சாம்பலாக வரும். திரையில் சுவரைத் தொட்டு அழுத்திப் பிடித்து, வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டுங்கள். அடர்நிறச் சுவருக்குக் கொஞ்சம் குறைக்க வேண்டும். எனாமல் அடித்த பலகைகள் மினுங்கும். ஓரடி இடப்பக்கமோ வலப்பக்கமோ நகர்ந்தாலே பளபளப்புப் போய்விடும், கேமராவென்றால் போலரைசர் ஃபில்டரைத் திருகிப் பாருங்கள். இன்னொன்று, வெள்ளைத்தாள் ஒன்றைச் சுவரோரம் பிடித்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கணினியில் நிறத்தைச் சரிசெய்யும்போது அந்தத் தாள் வெள்ளையாகும் வரை திருத்தினால் சுவரின் நிறமும் சரியாக வந்துவிடும். காவிக்கும் செங்கல் நிறத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் போன் அடிக்கடி குழப்பும்.

நீளச் சுவர்களுக்குப் பனோரமா போட வேண்டாம், நடுப்பகுதி உப்பி வரும். சுவருக்கு இணையாக நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே, ஒவ்வொரு படத்திலும் முந்தின படத்தின் மூன்றில் ஒரு பங்காவது வருகிற மாதிரி எடுங்கள். பிறகு இணைத்துக்கொள்ளலாம். சந்துகளில் பின்னால் போக இடமே இருக்காது. அங்கேயும் இதே முறைதான், கூடவே மேல்வரிசை, கீழ்வரிசை என்று இரண்டாகப் பிரித்து எடுக்க வேண்டியிருக்கும்.

பேசிவிட்டு எடுங்கள்

ஒருமுறை வடக்கு அலங்கம் பக்கம் ஒரு வீட்டுச் சுவரை எடுத்துக்கொண்டிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பாயி எழுந்து வந்துவிட்டார். முகமெல்லாம் கலவரம்.

“எதுக்குத் தம்பி வூட்ட படம் எடுக்குற? ரோட்ட அகலப்படுத்தப் போறாங்களா?”

அந்தக் கேள்வியின் கனம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. நோட்டில் குறித்துக்கொண்டு வீட்டைப் படம் எடுக்கிற வெளியாள் என்றால் ஆக்கிரமிப்பை அளக்க வந்தவனாக இருக்கும் என்று பயப்படுவது இயல்புதானே.

“இல்ல அப்பாயி, செவுத்துல இருக்குற எழுத்து ரொம்ப நல்லாருக்கு. அதான் எடுத்துக்கலாம்னு.”

“அதுவா? அது எங்க வூட்டுக்காரரு இருந்தப்ப எழுதுனது. அந்தக் கம்பெனிக்காரங்கதான் செவுரு பூரா வெள்ளையடிச்சுக் குடுத்தாங்க.”

அப்புறம் அரைமணி நேரம் பேசினார். எழுத வந்தவர் இரண்டு நாள் அதே திண்ணையில் படுத்துக்கொண்டார் என்பது வரைக்கும் சொன்னார். முதலிலேயே கேட்டிருந்தால் அவருக்கு அந்தப் பயத்தைக் கொடுத்திருக்க வேண்டியதில்லை. அன்றிலிருந்து வீட்டுச் சுவர் என்றால் போனை வெளியே எடுப்பதற்கு முன்பே போய்ப் பேசிவிடுகிறேன். “ஐயா, இந்த எழுத்த ஒரு படம் எடுத்துக்கட்டுமா?” என்று ஒரு வரி போதும். வேண்டாம் என்றால் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள், வற்புறுத்தாதீர்கள். கடைகளில் வியாபாரம் நடக்கும்போது குறுக்கே நிற்காமல், ஒரு டீயோ பிஸ்கட்டோ வாங்கிக்கொண்டு, கூட்டம் குறைந்ததும் கேளுங்கள். நீதிமன்றம், காவல் நிலையம் போன்ற இடங்களின் சுற்றுச்சுவர் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாசலில் இருப்பவரிடம் சொல்லாமல் எடுக்க வேண்டாம்.

முகங்களைப் பற்றி ஒரு வார்த்தை. நான் எடுத்த ஒரு படத்தில் வாசலில் ஒரு சிறுமி நின்றிருந்தாள். படம் அழகாக வந்திருந்ததால் நான்கு பேர் பார்க்கும் இடத்தில் போட்டுவிட்டேன். அவள் அப்பா வந்து வருத்தப்பட்டார். உடனே எடுத்துவிட்டேன், ஆனாலும் நான் செய்தது தப்புதான். குழந்தைகள் இருந்தால் அவர்கள் நகரும்வரை காத்திருங்கள். வண்டி எண்ணையும், ஓவியர் கையெழுத்துக்குக் கீழே எழுதியிருக்கும் போன் நம்பரையும் வெளியிடுவதற்கு முன்னால் மறைத்துவிடுங்கள்.

மார்கழிக் கோலம்

கோலத்துக்கு நேரம் மிகக் குறைவு. மார்கழியில் இங்கே சூரியன் ஆறரை மணிவாக்கில் உதிக்கும். ஐந்து மணியிலிருந்து கோலம் போடத் தொடங்குவார்கள், ஏழு மணிக்கு மேல் பைக்கும் பால்காரரும் போய் மாவு கலைந்துவிடும். ஆறேகாலிலிருந்து ஆறே முக்கால் வரைக்கும்தான் நமக்குக் கிடைப்பது. சாணி தெளித்த தரை அப்போது ஈரமாகக் கறுத்திருக்கும், மாவு பளிச்சென்று எழும். நடுவில் சாணி உருண்டையில் செருகிய பூசணிப் பூவின் மஞ்சள் அந்த வெளிச்சத்தில் வருகிற மாதிரி வேறு எப்போதும் வராது.

போனைத் தரைக்கு இணையாகப் பிடியுங்கள். பல போன்களில் அப்போது திரையின் நடுவே இரண்டு கூட்டல் குறிகள் தோன்றும். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் போன் சரியாகப் படுத்திருக்கிறது என்று அர்த்தம். பெரிய சிக்குக் கோலமென்றால் படியிலோ திண்ணையிலோ ஏறித்தான் எடுக்க வேண்டும். உங்கள் நிழல் கோலத்தில் விழாத பக்கமாக நில்லுங்கள், காவி இட்ட ஓரத்தை மிதித்துவிடாதீர்கள். போட்டவரிடம் எத்தனை புள்ளி, நேர் புள்ளியா ஊடு புள்ளியா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதைக் கேட்கிறவரைப் பார்த்தால் அவர்களுக்கு உண்மையாகவே சந்தோஷம். எனக்கு ஓர் அக்கா தன் அம்மாவின் கோல நோட்டையே கொண்டுவந்து காட்டினார்.

கும்பகோணத்தில் கோயில்களைச் சுற்றிய சன்னதித் தெருக்கள் இதற்கு நல்ல இடம். முந்தின இரவே போய்த் தங்கிவிடுங்கள். தஞ்சாவூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர், விடியற்காலையில் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் பாதி கோலம் கலைந்திருக்கும்.

கட்சிச் சுவர்கள்

தேர்தலுக்குப் பல மாதம் முன்பே சுவர்களில் வெள்ளையடித்து, கட்சிப் பெயரும் வருடமும் போட்டு இடம் பிடித்துவைப்பார்கள். பிறகு சின்னம் வரும், அப்புறம் வேட்பாளர் பெயர். சின்னங்களை வரைவதில் சிலருக்கு அபாரமான கை. அந்த உழைப்பைக் கட்சி பார்க்காமல் எல்லாவற்றையும் எடுங்கள்.

தேதி அறிவித்துவிட்டால் நேரம் இல்லை. தேர்தல் ஆணைய விதிப்படி அரசுக் கட்டடங்களில் உள்ளவற்றை 24 மணி நேரத்துக்குள்ளும், பேருந்து நிலையம், பாலம் போன்ற பொது இடங்களில் 48 மணி நேரத்துக்குள்ளும், அனுமதியில்லாமல் தனியார் சுவரில் எழுதியவற்றை 72 மணி நேரத்துக்குள்ளும் அழிக்க வேண்டும். அறிவிப்பு வருவதற்கு முன்பே ஒரு சுற்றுப் போய்விட்டு வாருங்கள். முடிந்தால் அழிக்கிற நாளிலும் போங்கள். சுண்ணாம்பு காய்வதற்கு முன் உள்ளே சின்னம் மங்கலாகத் தெரிகிற படம் ஒன்று என்னிடம் இருக்கிறது, எனக்கு மிகப் பிடித்த படம் அது.

சட்டம் கொஞ்சம்

தெருவில் இருப்பதால் எல்லாம் பொதுச்சொத்து என்று நினைக்க வேண்டாம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் சிற்பங்களையும் கட்டடங்களையும் படம் எடுத்து வெளியிட இடம் கொடுக்கிறது. ஓவியங்களை அந்தப் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்க்கவில்லை. வரைந்தவரின் உரிமை அவர் ஆயுள் முழுக்கவும், அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் நீடிக்கும். நீங்கள் எடுத்து வைத்துக்கொள்வதிலும் படிப்புக்குப் பயன்படுத்துவதிலும் சிக்கல் இல்லை. காலண்டர் போடுவது, டி-ஷர்ட்டில் அச்சடிப்பது, விளம்பரத்துக்குக் கொடுப்பது என்று வந்தால் வரைந்தவரைத் தேடிப்பிடித்து எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அவருக்கும் அதில் ஒரு பங்கு போக வேண்டும்.

பெரிய கோயில் போன்ற தொல்லியல் துறை இடங்களில் டிரைபாட் வைக்க முன் அனுமதி வேண்டும். வேறு பல கோயில்களில் உள்ளே போனுக்கே தடை. மதிலுக்கு வெளியே நின்றால் எடுக்க ஏராளமாக இருக்கிறது.

பெயரும் தேதியும்

திருவாரூர் தியாகராசர் கோயிலின் தேவாசிரிய மண்டபத்தில் புராண அரசர் முசுகுந்தன் கதையைச் சொல்லும் 17ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் இருக்கின்றன. காட்சிகளோடு தமிழில் விளக்கம் எழுதி, வரைந்தவர் சிங்காதனம் என்று பெயரும் இட்டிருக்கிறார்கள். அதனால்தான் இன்றைக்கும் அவர் பெயரைச் சொல்ல முடிகிறது. நம் தெருச் சுவரிலும் வலது கீழ்மூலையில் ‘ஆர்ட்ஸ்’ என்று முடிகிற சின்னக் கையெழுத்து இருக்கும். பாதி சமயம் செடி மறைத்திருக்கும், குனிந்து பாருங்கள். கையெழுத்து இல்லையென்றால் வீட்டுக்காரரையோ பக்கத்து டீக்கடையையோ கேளுங்கள். கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரி மாணவர்களிடமும் விசாரிக்கலாம், யார் கை எது என்று அடையாளம் சொல்லக்கூடிய கண் அவர்களுக்கு இருக்கிறது.

வீட்டுக்கு வந்த அன்றைக்கே கோப்புகளுக்குப் பெயர் வைத்துவிடுங்கள். நான் தேதி, தெரு, திசை, ஓவியர் என்ற வரிசையில் வைக்கிறேன். ‘2024-01-09 மேல அலங்கம் கிழக்கு பார்த்த சுவர் பெயர் தெரியவில்லை’ என்று நீளமாக இருந்தாலும் பரவாயில்லை. நாளைக்கு வைக்கலாம் என்று விட்டால் அந்த நாளை வராது. இரண்டு இடத்தில் நகல் வையுங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே. ஒரே டிஸ்க்கில் வைத்திருந்து ஒரு மழைக்காலம் முழுக்க எடுத்ததை இழந்திருக்கிறேன்.

மறுபடியும் அதே சுவர்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: புதுச் சுவரைத் தேடி ஓடுவதைவிட, எடுத்த சுவருக்கே திரும்பப் போங்கள். வருடத்துக்கு மூன்று தடவை போதும். பொங்கலுக்கு முன்னால் ஒன்று, ஏனென்றால் வெள்ளையடிப்பு பெரும்பாலும் அந்தப் பத்து இருபது நாளில்தான் நடக்கும். ஆனி, ஆடியில் வெயில் வெளுத்த பிறகு ஒன்று. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் ஒன்று. அப்போது ஓதம் ஏறி, உப்புப் பூத்து, பாசி பிடித்து, அதே சுவர் வேறு சுவராக நிற்கும். தரையில் ஓர் அடையாளம் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே லென்ஸில் எடுங்கள். நான்கைந்து வருடப் படங்களை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது தெரிகிற விஷயம் ஒற்றைப் படத்தில் ஒருநாளும் தெரியாது.

பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய நடையில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் கால ஓவியம் இருப்பது 1931இல்தான் வெளியே தெரிந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி அதைக் கண்டுபிடித்தார். மேல்பூச்சு பெயர்ந்த இடத்தில் நின்று பார்க்க ஒருவர் இருந்தார் என்பதுதான் எனக்கு அதில் பெரிதாகப் படுகிறது. எங்கள் அரிசி ஆலைச் சுவரையும் வருடம் தவறாமல் எடுக்கிறேன். போன மழைக்குப் பிறகு மஞ்சள் ஓரிடத்தில் கொப்பளித்து உதிர்ந்து, உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை தெரிகிறது. வயலின் ஏதோ ஒரு மூலையாக இருக்க வேண்டும்.

கடைசியாக ஒரு வேலை. நன்றாக வந்த படங்களை 4க்கு 6 அங்குல அளவில் அச்செடுத்து, சுவர்க்காரருக்கு ஒன்று, வரைந்தவர் கிடைத்தால் அவருக்கு ஒன்று கொண்டுபோய்க் கொடுங்கள். வடக்கு அலங்கத்து அப்பாயி அந்தப் படத்தை வீட்டுக்காரரின் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டிவைத்திருக்கிறார். கொடுக்கும்போது பின்பக்கம் தேதியையும் தெருப் பெயரையும் எழுதிக் கொடுங்கள். பால்பாயிண்ட் பேனாவில் அழுத்தி எழுதினால் படத்தின் முன்பக்கம் தடம் விழும். மார்க்கர் பேனா வைத்துக்கொள்ளுங்கள்.